யார் யாருக்காகக் காத்திருப்பது

நெய்வேலிச் சுரங்கம் செங்குத்தாக இறங்குவதில்லை, படிபடியாக இறங்குகிறது. படிக்கு அங்கே பெஞ்ச் என்று பெயர். சர்ஃபேஸ் பெஞ்ச், டாப் பெஞ்ச், பாட்டம் பெஞ்ச், எல்லாவற்றுக்கும் அடியில் லிக்னைட் பெஞ்ச். மேல்படியில் ஒரு பக்கெட் வீல் எந்திரம் மண்ணை வழித்தபடி முன்னே நகர்கிறது. அடுத்த படியில் இன்னொன்று, சற்றுப் பின்தங்கி. அதற்கும் கீழே மற்றொன்று, இன்னும் பின்தங்கி. கடைசியில் வரும் எந்திரம்தான் பழுப்பு நிலக்கரியைத் தொடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில், மூன்று ஷிப்டிலும் ஓடுகின்றன. ஆனால் ஒன்றையொன்று முந்த முடியாது. மேல்படி விலகுவதற்குள் கீழ்படியை வெட்டினால் சரிவு உடைந்து, மேலே நிற்கும் எந்திரமே கீழே வந்துசேரும்.

எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். எவரும் தன் முறை வருமுன் செய்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேர எப்படிச் சாதிப்பது என்று கணிப்பொறி அறிவியலில் ஒரு கிளை அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் எழுதும் நிரலை எந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அந்த மாற்றத்தின் போதே, வரிசையாக எழுதப்பட்ட வேலையைப் பல பிராசஸர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியுமா, எழுதியவர் சொன்ன விடை ஓர் இம்மியும் மாறாமல் வேலையின் வரிசையைக் கலைத்து அடுக்க முடியுமா என்பது அந்தக் கிளையின் கேள்வி. அதற்குக் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்றைத் தந்த நால்வரில் மூவர் சென்னை ஐஐடியில் படித்தவர்கள்: பி. சடையப்பன், ஜெ. ராமானுஜம், உதய் பொந்துகுலா. அவர்களுடைய கட்டுரைகளை ஒரு சுரங்க நகரத்துக்காரனாக நான் படித்தேன். கணிதம் கடினமாக இருந்த இடங்களில் பெஞ்சுகள் துணைக்கு வந்தன. படித்து முடித்த பிறகு பெஞ்சுகளைப் பற்றியே வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது.

*

சுரங்கத்துக்கும் கம்பைலருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸின் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் கம்பைலர் 1957 ஏப்ரலில் வெளியானது. நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் வெட்டும் பணியை நேரு தொடங்கிவைத்தது அதே ஆண்டு மே 20ஆம் தேதி. தற்செயல்தான், அதில் பொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் பாக்கஸின் குழுவுக்கு இருந்த கவலை இங்கே சொல்லத் தக்கது. மனிதர் கையால் எழுதும் எந்திரக் கட்டளைகளுக்கு ஈடாகத் தங்கள் கம்பைலர் எழுதாவிட்டால் அதை யாரும் தொடமாட்டார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆகவே, மொழிபெயர்ப்பதோடு நிறுத்தாமல் சீர்படுத்தவும் செய்யும் வேலை கம்பைலர் பிறந்தபோதே அதனுடன் பிறந்தது. அந்த வேலைக்கு முறையான அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஃபிரான்செஸ் ஆலன் 2006ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கு. மூன்று மேட்ரிக்ஸ்களை, அதாவது எண் அட்டவணைகளைப் பெருக்க வேண்டும். முதலாவது 10 வரிசை, 1000 நெடுவரிசை. இரண்டாவது 1000 வரிசை, 10 நெடுவரிசை. மூன்றாவது மீண்டும் 10 வரிசை, 1000 நெடுவரிசை. முதல் இரண்டை முதலில் பெருக்கி அதனுடன் மூன்றாவதைப் பெருக்கினால் மொத்தம் 2 லட்சம் பெருக்கல்கள். பின் இரண்டை முதலில் பெருக்கி, பிறகு முதலாவதைச் சேர்த்தால் 2 கோடி. விடை ஒன்றே, உழைப்பு நூறு மடங்கு. சடையப்பனும் ராமானுஜமும் வேதியியலாளர்களோடு சேர்ந்து இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இதையே பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள். மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்களின் நிலையைக் கணிக்கும் சமன்பாடுகளில் இத்தகைய பெருக்கல்கள் நூற்றுக்கணக்கில் வரும். வேதியியலாளர் சமன்பாட்டை எழுதினால் போதும்; எதை முன்னால் பெருக்குவது, எதைச் சேமிப்பது, எதைத் தேவைப்படும்போது மறுபடி கணக்கிடுவது என்பதை மென்பொருளே முடிவு செய்து இணைநிரலை எழுதித் தரும். அறிவியலாளர் மாதக்கணக்கில் கையால் எழுதிவந்ததை எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி அது.

இதற்கு ஒரு காலத்தின் நெருக்கடியும் இருந்தது. பல ஆண்டுகளாகப் பிராசஸர்களின் துடிப்பு வேகம் கூடிக்கொண்டே வந்தது. மோசமாக எழுதிய நிரலும் அடுத்த எந்திரத்தில் தானாக வேகம் பெற்றது. 2005 வாக்கில் அது நின்றுபோனது. வேகத்தைக் கூட்டினால் சில்லு தாங்காத அளவுக்குச் சூடானது. அதன் பிறகு ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களை வைத்துத் தரத் தொடங்கினார்கள். எந்திரம் செய்பவர்கள் தங்கள் சிக்கலை நிரல் எழுதுபவர்களின் தலையில் இறக்கி வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செய்ய எழுதப்பட்ட உலகத்து நிரல்களை எல்லாம் பலர் சேர்ந்து செய்யும்படி யார் மாற்றி எழுதுவது?

*

ஓர் இரும்புக் கம்பி. ஒரு முனையை நெருப்பில் வைத்திருக்கிறோம். கம்பியைப் பல புள்ளிகளாகப் பிரித்து, கணத்துக்குக் கணம் ஒவ்வொரு புள்ளியின் வெப்பமும் என்ன என்று கணக்கிட வேண்டும். அடுத்த கணத்தில் ஒரு புள்ளியின் வெப்பம், இந்தக் கணத்தில் அதற்கும் அதன் இடப்பக்க, வலப்பக்கப் புள்ளிகளுக்கும் இருக்கும் வெப்பத்தைப் பொறுத்தது. அவ்வளவுதான் விதி. வானிலை, நிலநடுக்க அலை, மண்ணுக்கடியில் நீரோட்டம் என்று பலவற்றையும் இந்த மாதிரியான விதியால் கணக்கிடலாம். நெய்வேலிக்கு அது அந்நியமும் அன்று. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் ஆர்ட்டீசியன் ஊற்று சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி உந்துகிறது. இரவு பகலாகப் பம்புகள் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்து வெள்ளம் புகும். ஓரிடத்தில் இறைத்தால் எவ்வளவு தொலைவுக்கு, எத்தனை நாளில் நீர்மட்டம் இறங்கும் என்ற கணக்கும் கம்பியில் வெப்பம் பரவும் கணக்கும் அடிப்படையில் ஒரே சமன்பாடு.

இதை நிரலாக எழுதுவது எளிது. வெளியே ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுதி, காலத்துக்கு. உள்ளே ஒரு லூப், புள்ளிகளுக்கு. ஒரு கணத்தில் எல்லாப் புள்ளிகளையும் முடித்துவிட்டு அடுத்த கணத்துக்குப் போகிறோம். புள்ளிகள் கோடிக்கணக்கில் இருந்தால் சிக்கல் வருகிறது. பிராசஸரின் அருகிலேயே இருக்கும் கேஷ் நினைவகம் சிறியது; அவ்வளவும் அதில் அடங்காது. எனவே ஒவ்வொரு கணத்துக்கும் மொத்தக் கம்பியையும் தொலைவில் உள்ள முதன்மை நினைவகத்திலிருந்து இழுத்து வந்து, ஒரு சிறு கூட்டல் செய்துவிட்டு, திருப்பி அனுப்புகிறோம். ஒரு பெருக்கலுக்குச் சில துடிப்புகள் போதும். நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்துசேர நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகும். எந்திரம் பெரும்பாலான நேரம் கணக்கிடுவதே இல்லை. கொண்டுவந்து சேர்ப்பதற்காகக் காத்திருக்கிறது.

கொண்டுபோவது செய்வதை விடச் செலவு கூடியது என்பது நெய்வேலியில் அனல்மின் நிலையங்கள் நிற்கும் இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். குவித்து வைத்தால் தானாகச் சூடாகித் தீப்பற்றும். அதை ரயிலேற்றித் தொலைவுக்கு அனுப்புவது தண்ணீருக்கு டிக்கெட் எடுப்பது. ஆகவே சுரங்கத்தின் வாயிலேயே கொதிகலனை வைத்தார்கள். பெல்ட்டில் வரும் கரி அங்கேயே எரிகிறது. வெளியூருக்குப் போவது மின்சாரம் மட்டும். பொருளை எந்திரத்திடம் கொண்டுபோகாமல் எந்திரத்தைப் பொருளிடம் கொண்டுவருவது. கம்பைலர்காரர்களும் இதையே விரும்புகிறார்கள்: கம்பியில் ஒரு சிறு துண்டைக் கேஷுக்குள் கொண்டுவந்துவிட்டால், அது அங்கே இருக்கும்போதே பல கணங்களுக்கான கணக்கை முடித்துவிட வேண்டும். ஒரு கணத்துக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது.

இங்கேதான் பெஞ்ச் வருகிறது. கம்பியை நேர்க்கோட்டில் வெட்டித் துண்டாக்கினால் இது நடக்காது. துண்டின் ஓரத்துப் புள்ளிக்கு அடுத்த கணத்தில் பக்கத்துத் துண்டின் மதிப்பு தேவை; அதை இன்னும் எவரும் கணக்கிடவில்லை. நேராக வெட்டினால் விடை தவறும். சாய்வாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கணத்துக்கும் துண்டின் எல்லையை ஒரு புள்ளி தள்ளிக்கொண்டே போனால், எந்த மதிப்பு எப்போது தேவைப்பட்டாலும் அது ஏற்கெனவே கணக்கிடப்பட்ட பகுதியில் இருக்கும். காலத்தைச் செங்குத்து அச்சாகவும் கம்பியைக் கிடை அச்சாகவும் வைத்து வரைந்தால் நெய்வேலிச் சுரங்கத்தின் குறுக்குவெட்டு கிடைக்கும். கணங்கள் பெஞ்சுகள். கீழ்ப் பெஞ்சில் ஓரிடத்தை வெட்டுவதற்கு மேல்பெஞ்சில் அந்த இடமும் அதன் இரு பக்கங்களும் விலகியிருக்க வேண்டும். சாய்வு கிடைத்துவிட்டால், ஒரே அலையில், அதாவது ஒரே கட்டத்தில் முறை வந்து நிற்கும் துண்டுகளை எல்லாம் வெவ்வேறு கோர்கள் ஒரே நேரத்தில் செய்யலாம். ஒருவர் மற்றவரிடம் எதையும் கேட்க வேண்டியிராது.

சாய்வான வெட்டு என்ற எண்ணம் பழையது. ரிச்சர்டு கார்ப், ரேமண்டு மில்லர், ஷ்முவேல் வினோகிராட் மூவரும் 1967இல் அதன் கணிதத்தைத் தொட்டார்கள். லெஸ்லி லாம்போர்ட் 1974இல் ஃபோர்ட்ரான் லூப்களுக்கு அதைப் பொருத்திக் காட்டினார். பிரான்சில் பால் ஃபோத்ரியே எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அதைப் பொதுவான கோட்பாடாக வளர்த்தார். லூப்பின் ஒவ்வொரு சுற்றையும் கணித வெளியில் ஒரு புள்ளியாகக் கொண்டால், மொத்த வேலையும் ஒரு பன்முக வடிவம். யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பவை அந்த வடிவத்துக்குள் ஓடும் அம்புகள். எந்த அம்பும் பின்னோக்கித் திரும்பாதபடி வடிவத்தைச் சாய்த்துப் பார்க்கும் கோணங்கள் எல்லாம் செல்லுபடியாகும் வரிசைகள். அத்தகைய கோணங்கள் எண்ணிலடங்காதவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் மிச்சமிருந்த சிக்கல்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சடையப்பனின் வழிகாட்டுதலில் பொந்துகுலா முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலை இதற்கானது. ஆல்பர்ட் ஹார்ட்டோனோ, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜம் ஆகியோரோடு சேர்ந்து அவர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையும் புளூட்டோ என்ற கருவியும் முன்வைத்த விடையைக் கணிதக் குறிகள் இல்லாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: செல்லுபடியாகும் வரிசைகளில், ஒரு மதிப்பை உண்டாக்குபவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையிலான தொலைவு மிகக் குறைவாக இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடு. தொலைவு குறைந்தால் மதிப்பு கேஷை விட்டு வெளியேறுவதற்குள் பயன்பட்டுவிடும். கோர்களுக்கு இடையே போக்குவரத்தும் குறையும். இணையாகச் செய்வது, அருகில் வைத்துச் செய்வது என்று தனித்தனியாகத் துரத்தப்பட்ட இரண்டு இலக்குகள் ஒரே அளவுகோலுக்குள் வந்தன. எண்ணற்ற கோணங்களில் இதைத் தேட ஹங்கேரியரான ஃபார்க்காஷ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய ஒரு தேற்றம் கைகொடுத்தது. முடிவில்லாத நிபந்தனைகளைச் சில நேரியல் சமன்பாடுகளாகச் சுருக்க அது போதும். நிரலைக் கொடுத்தால் கருவி தானே சாய்வைக் கண்டுபிடித்து, துண்டு போட்டு, இணைநிரலாகத் திருப்பித் தரும்.

சாய்வுக்கு ஒரு விலை உண்டு. அலையின் தொடக்கத்தில் ஒரே ஒரு துண்டுதான் தயாராக இருக்கும். மற்ற கோர்கள் கைகட்டி நிற்கும். பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று வேலை நிரம்ப நேரமாகும். 1957இல் வெட்டத் தொடங்கிய நெய்வேலியில் முதன்முதலாகக் கரி தென்பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் மண்ணை மட்டும் அள்ளினார்கள். மின்சாரம் 1962இல் வந்தது. அலை நிரம்பியபின் நாள் தவறாமல் கரி வருகிறது. கணிப்பொறியில் இந்தத் தொடக்கக் காத்திருப்பைத் தவிர்க்க முடியும் என்று சடையப்பன் குழு 2007இலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்ட பொந்துகுலா தன் மாணவர்களோடு 2012இலும் காட்டினார்கள். துண்டுகளை வைர வடிவத்தில் வெட்டினால் எல்லாக் கோர்களும் முதல் கணத்திலேயே தொடங்கலாம். பூமிக்கு அந்தச் சலுகை இல்லை. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க எந்த வடிவமும் உதவாது.

*

புளூட்டோவின் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதன் அச்சம் முக்கியமாகப் படுகிறது. வரிசையை மாற்றும் எந்தக் கம்பைலரும் முதலில் கேட்பது "இதனால் வேகம் கூடுமா" என்பதை அன்று. "இதனால் யாருக்காவது தவறான மதிப்பு போய்ச்சேருமா" என்பதை. அதற்கு அது மூன்று வகை உறவுகளைத் தேடுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறாரா? அப்படியானால் எழுதிய பின்பே படிக்க வேண்டும். ஒருவர் படிக்கும் இடத்தில் மற்றவர் புதிதாக எழுதப் போகிறாரா? அப்படியானால் படித்து முடிக்கும்வரை எழுதக் கூடாது. இருவரும் ஒரே இடத்தில் எழுதுகிறார்களா? அப்படியானால் யார் கடைசியில் எழுத வேண்டுமோ அவரே கடைசியில் எழுத வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கூட இல்லை என்று நிறுவினால்தான் இருவரையும் ஒரே சமயத்தில் விட முடியும்.

நிறுவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உறவு இருப்பதாகத் தெரியவில்லை என்பது போதாது. இரண்டு பெயர்கள் நினைவகத்தில் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று கம்பைலரால் உறுதி செய்ய முடியாவிட்டால், அது சுட்டுவதாகவே எடுத்துக்கொண்டு வரிசையைத் தொடாமல் விடுகிறது. வேகம் போனால் போகட்டும் என்கிறது. சந்தேகத்தின் பலன் எப்போதும் காத்திருப்பவருக்கு. எழுபதுகளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உத்பல் பானர்ஜி இந்தச் சந்தேகத்தைக் கணிதத்தால் தீர்க்கும் சோதனை ஒன்றை வகுத்தார். இன்றும் அவர் பெயரால் அது வழங்குகிறது. அந்தச் சோதனையும் "உறவு இல்லை" என்று உறுதியாகச் சொன்னால்தான் நம்பலாம். "இருக்கலாம்" என்றால் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

கூட்டலில் கூட இந்தத் தயக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்று படித்தோம். கணிப்பொறியின் தசம எண்களுக்கு அது பொருந்தாது. பத்தின் இருபதாம் அடுக்கிலிருந்து அதையே கழித்துவிட்டு ஒன்றைக் கூட்டினால் ஒன்று வரும். கழிக்கப் போகும் எண்ணோடு ஒன்றை முதலில் சேர்த்துவிட்டால், அந்தப் பெரிய எண்ணின் நிழலில் ஒன்று கரைந்துபோய் விடை பூஜ்யம் ஆகும். பெரியதோடு முதலில் சேர்க்கப்பட்ட சிறியது காணாமற்போகிறது. எனவே எழுதியவர் வெளிப்படையாக அனுமதி கொடுக்காதவரை ஒழுங்கான கம்பைலர் கூட்டலின் வரிசையை மாற்றாது.

அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களும் ஒரே இடத்தைத் தொடாது, நான் பொறுப்பு என்று நிரலாளர் எழுதித் தரலாம். கம்பைலர் அதை நம்பி வரிசையைக் கலைத்து அடுக்கும். வாக்குறுதி பொய்யானால் நிரல் நின்றுபோகாது, எச்சரிக்காது. முன்னைவிட வேகமாக ஓடித் தவறான விடையைத் தரும். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் கலங்கவைத்தது இதுதான். கணக்கு பிழையற்றது, அட்டவணை உகந்தது, எந்திரம் முழுவேகத்தில் ஓடுகிறது. உள்ளே கொடுக்கப்பட்ட உறவுப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

*

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் மேல்வளையமாதேவியில், நெய்வேலியின் இரண்டாவது சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட எந்திரங்கள் வந்தன. வயலில் நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது. எந்திரங்கள் அதன்மீது இறங்கின. போராட்டம், கைது, கல்வீச்சு என்று அடுத்த சில நாட்கள் போயின. சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்தின் தரப்பு தெளிவானது: நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, விதைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது, மழைக்காலத்துக்குள் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி எம். தண்டபாணி கேட்டது, அறுவடை முடியும்வரை இரண்டு மாதம் காத்திருக்க முடியாதா என்பதை. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

இழப்பீடு, உரிமை, அரசியல் என்று இந்த நிகழ்வைப் பேச வேறு பல வழிகள் இருக்கின்றன; அவற்றில் பேசவும்பட்டது. நீதிபதியின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அது வரிசையைப் பற்றிய கேள்வி. இரண்டு அட்டவணைகள் ஒரே நிலத்தின்மீது கிடந்தன. ஒன்றில், கால்வாய் முடிந்த பின் மழை, மழைக்குப் பின் சுரங்கம், சுரங்கத்துக்குப் பின் மின்சாரம். மற்றொன்றில், நடவுக்குப் பின் கதிர், கதிருக்குப் பின் அறுப்பு. முதல் அட்டவணை மிகத் திறமையாகப் போடப்பட்டது. பெஞ்சுகளையும் பம்புகளையும் பெல்ட்டுகளையும் அறுபது ஆண்டுகளாக ஒத்திசைத்து ஓட்டும் அமைப்புக்கு அட்டவணை போடத் தெரியாமல் இல்லை. இரண்டாவது அட்டவணை முதலாவதுக்குள் இடம்பெறவில்லை. வெற்று நிலம் என்று காகிதம் வாக்குறுதி கொடுத்திருந்தது; வயலில் ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடிக்கும்வரை மேலே எழுதாதே என்பது மூன்று விதிகளில் இரண்டாவது.

சுரங்கத்தின் உள்ளே இதே விதி நன்றாகக் காக்கப்படுகிறது. ஒரு டன் கரிக்காக ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். தொடக்கத்தில் அந்த மண்ணைச் சுரங்கத்துக்கு வெளியே குன்றாகக் கொட்டினார்கள். பள்ளம் அகன்றபின், கரியை எடுத்து முடித்த பகுதியிலேயே ஸ்ப்ரெடர் எந்திரங்கள் மண்ணைத் திரும்பக் கொட்டத் தொடங்கின. எடுத்து முடித்தாகிவிட்டது என்று உறுதியான பிறகே அந்த இடத்தில் கொட்டுவார்கள். ஒரு நாள் முந்தினால் கரி மண்ணுக்கடியில் புதையும். கம்பைலரும் பழைய மதிப்பைக் கடைசியாகப் படிப்பவர் படித்த பிறகே அதே இடத்தில் புதிய மதிப்பை எழுதி நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறது. கரிக்குக் காட்டும் இந்தப் பொறுமையை வேலிக்கு வெளியே கதிருக்குக் காட்ட முடியாமல் போனதற்குக் காரணம் கொடூரம் என்று நான் சொல்லமாட்டேன். கரி அட்டவணைக்குள் இருந்தது, கதிர் இல்லை.

இதை நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டாக மட்டும் சுருக்கிவிட்டால் நமக்கு வசதி. டவுன்ஷிப்பின் நேர்த்தியான வட்டங்களும், நிழல்மரச் சாலைகளும், பள்ளிகளும், ஆண்டுதோறும் கூடும் புத்தகக் கண்காட்சியும், மாநிலமெங்கும் எரியும் விளக்குகளும் அதே அட்டவணையிலிருந்து வந்தவை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பொறியியல் படித்து உலகெங்கும் சென்று கணிப்பொறிகளுக்கு எழுதுகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் கிணறு வற்றுகிறது என்ற புகாரும் அதே பம்புகளைப் பற்றியதுதான். கம்பியில் ஒரு புள்ளியின் வெப்பம் பக்கத்துப் புள்ளியைப் பொறுத்தது என்று ஒப்புக்கொண்ட கணக்கு, ஓரிடத்தில் இறைத்தால் பக்கத்து ஊரின் நீர்மட்டம் மாறும் என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சமன்பாட்டுக்கு வேலி தெரியாது. எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்பவர் நிரலை எழுதுபவர்.

*

வேலையின் வரிசையைப் பற்றிய சிந்தனை இப்போது பல இடங்களுக்குப் போயிருக்கிறது. இலங்கையில் பிறந்து எம்ஐடியில் பணியாற்றும் சமன் அமரசிங்கவின் குழுவில் உருவான ஹாலைடு என்ற மொழி, என்ன கணக்கிட வேண்டும் என்பதையும் எப்போது, எங்கே, எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்பதையும் தனித்தனியாக எழுத வைத்தது. படங்களைச் செப்பனிடும் நிரல்களில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2019இல் கூகுள் வெளியிட்ட எம்எல்ஐஆர் என்ற கம்பைலர் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் பொந்துகுலாவும் ஒருவர். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளில் ஓடும் பெரும் பெருக்கல்கள் இன்று இந்த வகைக் கட்டமைப்புகள் வழியாகத்தான் எந்திரத்தை அடைகின்றன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தின் அளவு பற்றி உலகம் இப்போதுதான் கவலைப்படத் தொடங்கியிருக்கிறது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதே ஊரில் தலா 500 மெகாவாட் திறனுள்ள இரண்டு புதிய அலகுகள் வந்திருக்கின்றன. இரண்டு வகை எந்திரங்களின் பசியும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வளர்கிறது.

செய்ய வேண்டியதையும் செய்யும் வரிசையையும் பிரித்து எழுதுவதில் ஒரு நன்மை இருக்கிறது. வரிசை யாருடையது என்பது மறைவதில்லை. அது இயற்கையின் கட்டளை போலத் தோன்றாமல், ஒருவர் எடுத்த முடிவாக, வேறுவிதமாகவும் எடுத்திருக்கக்கூடிய முடிவாகக் கண்முன் நிற்கிறது. பெரிய திட்டங்களின் கோப்புகளில் நாம் காண்பது இதற்கு நேர்மாறு. மின்சாரம் வேண்டும் என்பதும் அதற்கு இந்த ஜூலையில் இந்த வயலில் எந்திரம் இறங்க வேண்டும் என்பதும் ஒரே வாக்கியமாக எழுதப்பட்டிருக்கும். முதல் பாதியை மறுக்க முடியாது என்பதால் இரண்டாம் பாதியையும் மறுக்க முடியாது என்று ஆகிவிடுகிறது.

கணிப்பொறியாளர்கள் தங்கள் துறையிலிருந்து சமூகத்துக்குக் கொடுக்க வேண்டியது வேகம் என்று நினைக்கிறார்கள். அதை எந்திரம் விற்பவர்களே கொடுத்துவிடுவார்கள். அந்தத் துறை அறுபது ஆண்டு உழைப்பில் வேறொன்றைக் கற்றிருக்கிறது: எந்த வேலையின் வரிசையையும் மாற்றுமுன் அதைச் சார்ந்திருப்பவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும்; பட்டியலில் இல்லை என்று நிறுவும் சுமை மாற்ற விரும்புபவருடையது; நிறுவ முடியாத இடத்தில் மாற்ற விரும்புபவரே காத்திருக்க வேண்டும். ஒரு கம்பைலர் இதைச் சில வரிகள் கொண்ட லூப்புக்கே செய்கிறது, அதுவும் நொடிகளில். ஒரு நிலமெடுப்புக் கோப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது செலவான காரியம் அன்று. அந்தப் பக்கத்தில் எழுதவேண்டியது இன்ன புல எண்ணில் இந்தப் பருவத்தில் என்ன நிற்கிறது, அதை யார் அறுப்பார், எப்போது அறுப்பார், இன்ன கிணற்றின் நீர்மட்டம் எந்தப் பம்பைச் சார்ந்தது என்பவை மட்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் கோப்பு முழுமையடையவில்லை என்று பொருள். நிலம் காலியாக இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது.